நிற்காமல் போன அழைப்பிதழ்

தாமாகவே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டவர்களிடம் ஒரு வியாதி உண்டு. பாதி தெரிந்ததும் மீதியை யாரிடமும் கேட்க மாட்டோம். நாமே ஊகித்துக்கொள்வோம். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்த காலத்தில்தான் அந்த மோட்டாரை வாங்கினேன்.

(எங்கள் பக்கத்தில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். வேறு எதையோ நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.)

சாதாரண மோட்டார் இல்லை. நெடும்பயணத்துக்கென்றே செய்த அறுநூற்றைம்பது சிசி வண்டி. நெஞ்சில் காற்று அடிக்காமல் இருக்க முன்னால் உயரமான கண்ணாடி. இரண்டு பக்கமும் பின்னாலுமாக மூன்று பூட்டுப் பெட்டிகள். பழைய வண்டிதான். ஆனாலும் நான் அதைத் துடைத்துத் துடைத்து அதன் வயதையே அழித்திருந்தேன். முதல் நாள் என் அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது மோட்டாரா, அலமாரியாடா?" என்றார்.

செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை எனக்கு. ஷிப்டுக்கு வருகிற எல்லோரும் சின்னக் கப்சாய் மோட்டாரில் வந்து, சைக்கிள் மாதிரி ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போவார்கள். நான் மட்டும் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு நிறுத்துவேன். என்னோடு வேலை செய்த செல்வம் ஒரு நாள் கேட்டான்: "குமரேசா, நீ வேலைக்கு வரியா, வீடு மாத்துறியாலா?"

காதில் வாங்கிக்கொள்ளவில்லை. காணொளி பார்த்துப் பார்த்தே எல்லா வேலையையும் கற்றுக்கொண்டேன். எண்ணெய் மாற்றுவேன். சங்கிலி எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அடிக்கோல் வைத்து அளப்பேன். காலையில் பல் துலக்குகிறேனோ இல்லையோ, டயரில் காற்று பார்க்காமல் இருக்க மாட்டேன். தாய்லாந்து எல்லையைத் தாண்டி மலைமலையாகச் சுற்ற வேண்டும் என்பது கனவு. அதுவரை நான் போன மிகத் தூரமான இடம் பெடாஸ் வெந்நீர் ஊற்று. போய்க் காலை நனைத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் என் தங்கை தேவிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்தோடு வீட்டில் ஒரு பழைய முள்ளும் வெளியே வந்தது. மாமா.

அம்மாவுக்கு ஒரே ஓர் அண்ணன். வீரையா மாமா. பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேயே மிஞ்சியிருக்கிற ஒரு வரிசைத் தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒன்றில் அத்தையோடும் ஆடுகளோடும் இருந்தார். அவர் எங்கள் வீட்டு வாசலை மிதித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

அப்பா இறந்த அன்று நடந்தது அது. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் உடலை எடுப்பார்கள். அன்றைக்கு மாமா வரவில்லை. இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். நேரமாகிறது என்று பெரியவர்கள் அவசரப்பட்டு, கடையில் ஒரு சேலை வாங்கிவரச் சொல்லி, தூரத்து உறவில் ஒருவரை அண்ணன் முறைக்கு நிறுத்திக் காரியத்தை முடித்துவிட்டார்கள். உடல் போன பிறகு மாமா வந்து சேர்ந்தார், கையில் சேலையோடு. "எல்லாம் முடிஞ்சுபோச்சு, ஒரு ஓரமா நில்லுங்க" என்று யாரோ வாசலில் சொன்னார்கள். அவர் ஓரமாக நிற்கவில்லை. சேலையை வாசல் கேட்டின் கம்பியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை, தீபாவளிக்கு வரவில்லை.

"வேணும்னே லேட்டா வந்தான்" என்று உறவில் ஒரு கட்சி. "நாம காத்திருந்திருக்கணும்" என்று அம்மா மட்டும் ஒரு கட்சி.

இப்போது கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "எங்கண்ணன் வராம எம்மவ மணவறைக்கு வரமாட்டா."

தேவி அரண்டுபோனாள். "என்னாம்மா, அப்ப என் கல்யாணம் மாமா கையிலயா இருக்கு?"

"ஆமா. வேற யாரு கையில?"

உறவுக்காரர் ஒருவரைத் தூது அனுப்பினோம். அவர் திரும்பி வந்து மாமா சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "அழைக்கணும்னா அவளே வரட்டும். ஆளு வச்சுக் கூப்புடுறதுக்கு நான் என்னா பந்தல்காரனா?"

அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கதவு முழுசாகச் சாத்தவில்லை என்று அர்த்தம். முதல் பத்திரிகையின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை நேரில் போவதென்று முடிவானது. முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவார்.

தேவி தன் காரைத் தருகிறேன் என்றாள். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"மோட்டார்ல போவோம்மா. மாமா மோட்டார்ப் பிரியர். தோட்டத்துல மோட்டார்லதானே சுத்துவாரு? இதப் பாத்தாருன்னா மனசு எளகிடும்."

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தன் அண்ணனைப் பற்றி அதில் ஏதோ உண்மை இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சரி. தட்ட எங்க வைக்கிறது?" என்றார். நான் பெருமையோடு வலப்பக்கப் பெட்டியைத் திறந்து காட்டினேன். தட்டு அதற்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்தது. அது ஒரு சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை வண்டிக்குப் பூசை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, விளக்கிலும் பெட்டியிலும் கைப்பிடியிலும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்தார். "போதும், கெளம்பு" என்றார்.

எனக்குப் போதவில்லை. வண்டியிலேயே மிகப் பளபளப்பான உறுப்பு எது? சக்கரத்தின் நடுவே இருக்கிற இரும்பு வட்டு. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பிரேக் பிடிக்கும்போது கட்டைகள் அந்த வட்டைத்தான் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும். நம் உயிரைக் காப்பாற்றுவதே அதுதான். அதற்குப் பொட்டு இல்லையென்றால் எப்படி? மூன்று வட்டிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பெருமாள் கையில் இருக்கும் சக்கரம் மாதிரியே இருந்தது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். ஏழு பேர் கைகூப்பினார்கள்.

பிறகு எனக்குள் இருந்த பராமரிப்பாளன் விழித்துக்கொண்டான். சந்தனம் காய்ந்தால் இரும்பில் கறை விழுமே? தொழிற்சாலையில் எங்கள் சூப்பர்வைசர் ஒரு நாளைக்கு நாலு தடவை கத்துவார்: "இரும்ப ஈரமா வுடாதீங்கடா, தொடச்சு எண்ணெ தடவுங்க!" பன்னிரண்டு இயந்திரங்களை அப்படித்தான் வாழவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பூசை விளக்குக்கு ஊற்றிய நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது. துணியை நனைத்தேன். மூன்று வட்டையும் இரண்டு பக்கமும் தேய்த்தேன். ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. கட்டைக்கும் வட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கிலும் துணியை மடித்து நுழைத்து, போக வேண்டிய இடத்துக்கெல்லாம் எண்ணெய் போகும்படி பார்த்துக்கொண்டேன்.

அம்மா தலைக்கவசத்தை மல்லிகைச் சரத்தின் மேல் எப்படி மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாடா, அதுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறியா?"

"இதெல்லாம் மெயின்டனன்ஸ்மா. உங்களுக்குப் புரியாது."

(இந்த வாக்கியத்தை அம்மா இன்றுவரை மறக்கவில்லை. நான் குழாய் ரிப்பேர் செய்தாலும் சரி, மின்விசிறியைத் துடைத்தாலும் சரி, "மெயின்டனன்ஸா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வார்.)

முதல் சிக்னல் விளக்கு. சிவப்பு. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி என் வேண்டுகோளைக் கேட்டுக்கொண்டு, யோசித்து, கோட்டைத் தாண்டி ஒரு ஆள் நீளம் போய் நின்றது. பக்கத்துக் காரில் இருந்த சீனப் பெரியவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

எனக்கு உடனே பதில் கிடைத்துவிட்டது. எனக்கு எப்போதுமே பதில் உடனே கிடைக்கும். இரண்டு நாளுக்கு முன்புதான் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றியிருந்தேன். புதுக் கட்டை வட்டில் பதிந்து பிடிக்கக் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும் என்று காணொளியில் சொல்லியிருந்தார்கள்.

"புதுக் கட்டைம்மா. பழகணும்."

"யாரு பழகணும்? அதுவா, நாமளா?"

நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியவில்லை. புக்கிட் பூத்துஸ் மலையில் ஏறும்போதும் கவலையில்லை. இறங்கும்போதுதான் தெரிந்தது. பிரேக்கை அழுத்தினால் வண்டிக்கு அது யாரோ முதுகைத் தடவிக்கொடுப்பது போல இருந்தது போலிருக்கிறது. கியரைக் குறைத்துக் குறைத்து, எஞ்சின் அலற அலற இறங்கினேன். ஏறும்போது மாரியம்மன் ஒருத்தியை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, இறங்கும்போது முனீஸ்வரனையும் சேர்த்து, கடைசி வளைவில் பக்கத்து வீட்டு மேரியக்காவின் அந்தோணியாரையும் துணைக்கு அழைத்துவிட்டார்.

அப்போதே நான் வண்டியை ஓரங்கட்டி என்னவென்று பார்த்திருக்க வேண்டும். (ஓரங்கட்டினாலும் நிற்குமா என்பது வேறு விஷயம்.) ஏன் பார்க்கவில்லை என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இறங்கிக் குனிந்து பார்த்தால், எனக்குத் தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த ஒப்புதலைவிட அம்மாவை மலையிலிருந்து உருட்டுவது எனக்கு லேசாகத் தெரிந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

கோலப்பிலா தாண்டி, பகாவ் பட்டணத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே கடந்து, தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். பாதை மேட்டில் ஏறி, அங்கிருந்து ஒரே சரிவாக இறங்குகிறது. சரிவின் அடியில்தான் லயம். நடுவீடு மாமா வீடு. மேட்டுக்கு வந்தபோதே தெரிந்தது: வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், கைலியோடு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன்டா," என்றார் அம்மா. குரல் மாறிப்போயிருந்தது. "தல நரைச்சிருச்சு."

சரிவில் இறங்கினேன். ஜல்லிக்கல். பின்னால் அம்மா. மூன்று பெட்டிகள். பிரேக் இருப்பதற்கான அறிகுறியே இல்லை. முதல் கியரில் போட்டு எஞ்சினை நம்பி இறங்கியிருந்தால்கூட எப்படியோ தப்பித்திருப்போம். நான் பயத்தில் கிளட்சையும் சேர்த்துப் பிடித்தேன். வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த எஞ்சின் என்கிற ஒரே கையையும் நானே தட்டிவிட்டேன். மோட்டார் சத்தமே இல்லாமல், மிகவும் சுகமாக, கீழே ஓட ஆரம்பித்தது.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் கண்ணில் அண்ணன் மட்டும்தான் இருந்தார். வீட்டுக்கு இருபது அடி இருக்கும்போது கையைத் தூக்கினார்.

"அண்ணே!"

மாமா பேப்பரை இறக்கினார். நேராக அவருக்கு எதிரே வந்துவிட்டோம். நாலு அடி தூரம்தான். இரண்டு பேர் கண்ணும் சந்தித்ததை நான் பார்த்தேன்.

"அண்ணே, நாங்கதான்..."

தாண்டிவிட்டோம்.

"அண்ணேஏஏஏ..."

பக்கக் கண்ணாடியில் மாமா எழுந்து நிற்பது தெரிந்தது. பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கை வருகிறாள். கையை ஆட்டிவிட்டு, நிற்காமல் போகிறாள். அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

லயத்துக் கோடியில் அவருடைய ஆட்டுக்கொட்டகை. அதற்கு முன்னால் ஆட்டுத் தீவனத்துக்காக வெட்டிக் குவித்த செம்பனை மட்டை, இடுப்பு உயரத்துக்கு. அந்தோணியார் அங்கே குவித்து வைத்திருந்தார் என்றுதான் அம்மா சொல்வார். வண்டி அதற்குள் மூக்கை நுழைத்து, நறநறவென்று ஏறி, வேலியில் சாய்ந்து நின்றது. நாங்கள் விழக்கூட இல்லை. அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"நின்னுருச்சாடா?"

"நின்னுருச்சும்மா."

"இப்ப எறங்கலாமா?"

இறங்குவதற்குள் இன்னொரு வேலை நடந்துவிட்டது. மோதிய வேகத்தில் வலப்பக்கப் பெட்டி வாய் திறந்து, தட்டு வெளியே விழுந்து, வேலி சரிந்த இடுக்கு வழியாக ஆடுகள் வந்துவிட்டன. ஒன்று வெற்றிலைக் கவுளியை எடுத்தது. இன்னொரு கிடா, தாடி வைத்தது, பத்திரிகையை மஞ்சள் தடவிய முனையிலிருந்து ஆரம்பித்து நிதானமாக மென்றது. அம்மா தலைக்கவசத்தோடு அதைத் துரத்தினார்.

"ஏய், வுடு! அது தாய்மாமனுக்கு வச்சது! ஏய்!"

மணமகன் பெயர் வரைக்கும் போய்விட்டது. மண்டபத்தின் முகவரி மட்டும் மீந்தது.

மாமா நடந்து வந்தார். ஓடி வரவில்லை. வேலியைப் பார்த்தார், கிடாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பின்னால் பதறி ஓடிவந்த அத்தையிடம்தான் பேசினார்.

"இந்தா, இந்த ஆட்டுக்கு ஏதாச்சும் ஆவுமான்னு பாரு. கடுதாசியத் தின்னுருக்கு."

"மொதல்ல வந்தவங்களுக்கு அடிபட்டுச்சான்னு கேளுங்க!" என்றார் அத்தை.

"எங்க வந்தாங்க? போய்ட்டாங்களே. பன்னெண்டு வருசங்கழிச்சு வந்து, வாசல்ல நிக்காமப் போறாங்க. பாத்துக்கிட்டுதானே இருந்த?"

அம்மா கிடாயை விட்டுவிட்டுத் திரும்பினார். "நிக்கணும்னுதான் வந்தோம்ண்ணே. இவன் வண்டி நிக்கல."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார். வட்டின் மேல் ஒரு விரலை வைத்துத் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். அங்கே நின்ற எல்லோரும், ஆடுகள் உட்பட, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லெண்ணெ," என்றார். "மருமவனே, வண்டிய ஓட்டப்போறியா, தாளிக்கப்போறியா?"

நான் பூசை, சந்தனம், கறை, சூப்பர்வைசர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கே புரிந்துகொண்டு வந்தது. பாதியிலேயே மாமா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும். அம்மாவும் அப்படித்தான் சிரிப்பார். அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே மாதிரி குலுங்கிக்கொண்டிருந்ததை நானும் அத்தையும் வேடிக்கை பார்த்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகும் மாமா வண்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். சங்கிலியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். எங்களிடம் சொல்லாமல், சங்கிலியிடம் சொன்னார்.

"இது நல்லாத்தான் வச்சிருக்கான். அன்னிக்கு எனக்கு இதுதான் அறுந்துச்சு."

"என்னிக்குண்ணே?"

"ஒம் புருசன் செத்த அன்னிக்கு. கோலப்பிலாவுக்கு இந்தாண்ட. ஞாயிற்றுக்கெழம, ஒரு கடையும் தொறக்கல. கூடையில சேலைய வச்சுக்கிட்டுத் தள்ளுனேன். ஒரு லோரிக்காரன் ஏத்திவுட்டான். அப்புறம் பஸ்ஸு. வந்தா, ஓரமா நில்லுங்குறாங்க."

அம்மா தலைக்கவசத்தைக் கழற்றினார். மல்லிகை நசுங்கிப்போயிருந்தது.

"நீ சொல்லவே இல்லியேண்ணே."

"நீங்க யாராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் விஷயம். ஏன் லேட்டு என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. "வேணும்னே" என்று ஒரு பதில் எங்கள் எல்லோருக்கும் உடனே கிடைத்துவிட்டது. அதையே வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டோம். ஊகித்துக்கொள்கிற வியாதி எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். குடும்பத்துக்கே இருந்திருக்கிறது.

அத்தை தண்ணீர் கொண்டுவந்தார். மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். கட்டைகள் எண்ணெய் குடித்துவிட்டன, இனி உதவாது, இந்த வண்டியில் உன் அம்மாவை ஏற்றினால் காலை உடைப்பேன் என்று எனக்குச் சொல்லிவிட்டு, ஆடு ஏற்றுகிற தன் குட்டி லோரியைக் கிளப்பினார்.

"வாசல் வரைக்கும்தான் வுடுவேன். உள்ள வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மோட்டார் மட்டைக் குவியலிலேயே தங்கியது. அம்மா முன்னால், நான் பின்னால் ஆட்டுக் கயிறுகளுக்கு நடுவில். நெடும்பயண மோட்டாரில் போனவன், ஆட்டுப் புழுக்கை ஒட்டிய காற்சட்டையோடு அதே மலையைத் திரும்பக் கடந்தேன். பிரேக் மிக நன்றாகப் பிடித்தது.

செனாவாங்கில் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே லோரி நின்றது. தேவி ஓடிவந்தாள். லோரியில் யார் என்று பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"எறங்கு அமிர்தம்," என்றார் மாமா, அம்மாவிடம்.

"நீ எறங்குனா நான் எறங்குறேன்."

"நான் வரமாட்டேன்னு சொன்னேன்ல?"

"சரி. வராத. நானும் இங்கயே இருக்கேன்."

மாமா எஞ்சினை அணைத்தார். சிரித்த மனிதர்தான், காரணத்தைச் சொல்லி முடித்த மனிதர்தான். ஆனால் அந்த வாசல் என்று வரும்போது உடம்பு இறுகிவிட்டது. இரண்டு பேரும் நேராகக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கால்மணி போனது. ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு வந்து, வழி இல்லாமல் சுற்றிக்கொண்டு போனான். மேரியக்கா எட்டிப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் பால் சேர்க்காத தே ஓ இரண்டு கலந்து லோரி சன்னல் வழியாகக் கொடுத்தார். இரண்டு பேரும் வாங்கிக் குடித்தார்கள். சூராவில் மாலைத் தொழுகைக்கு அழைத்தார்கள். பின்னால் எனக்கு உட்காரவும் முடியவில்லை, இறங்கவும் தைரியம் இல்லை.

"என்னா, இப்பிடியே ஒக்காந்திருக்கப் போறியா?" என்றார் மாமா கடைசியில்.

அம்மா கோப்பையைக் காலடியில் வைத்தார்.

"அன்னிக்கு நீ வந்தப்ப ஒன்னய வாசல்ல நிறுத்திட்டாங்க. நான் உள்ள அழுதுகிட்டு இருந்தேன், எழுந்து வரல. எழுந்து வந்திருக்கணும். அன்னிக்கு வராத நான் இன்னிக்கு ஒங்கூட வாசல்ல ஒக்காந்திருக்கேன். எத்தினி நேரமானாலும் சரி."

மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு அவர் பக்கக் கதவு திறந்தது. தேவி அங்கேயே, தார்ச்சாலையிலேயே அவர் காலில் விழுந்தாள். "எழுந்திரும்மா, எழுந்திரு, சூடு," என்று அவளைத் தூக்கிய கையோடு உள்ளே போனார். நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, "அந்தப் படத்த ஏன் அங்க மாட்டிருக்கீங்க? சாஞ்சிருக்கு" என்றார். அது அப்பாவின் படம். எழுந்து போய் அவரே நேராக்கினார்.

இரண்டாவது பத்திரிகையில் புதிதாக மஞ்சள் தடவி அம்மா கொடுத்தார். அதை ஆடு தின்னவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாளே மண்டபத்தின் வாசலில் பழக்கமான ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் மோட்டார். புதுக் கட்டை, கழுவித் துடைத்த வட்டு. மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டி வர, பின்னால் அத்தை. மூன்று பெட்டியிலும் தாய்மாமன் சீர். (மாமாவிடம் அந்தக் காலத்து முழு லைசன்ஸ் இருந்ததாம். பெரிய வண்டி எதையும் ஓட்டலாம்.) கோலம் போட்ட இடத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, காலை ஊன்றி, என்னைத் தேடிப் பார்த்துச் சொன்னார்: "மருமவனே, நிக்குது பாரு."

மறுநாள் தேவியின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. வழியில் தூசு என்று சொன்னார்.

கல்யாணம் முடிந்து சாவியைக் கேட்டேன். "ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்லா" என்றார். ஏழு வருடம் ஆகிறது. அவருடைய பழைய கப்சாயை என்னிடம் தள்ளிவிட்டார். அதில்தான் ஷிப்டுக்குப் போகிறேன். செல்வத்துக்கு நிறுத்த இடம் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது அவசரமாக ஓடினால், பின்னாலிருந்து ஒருவர் "அண்ணேஏஏஏ" என்று இழுத்துக் கூப்பிடாமல் இருக்க மாட்டார். தேவியின் மூன்று வயது மகளுக்கே அந்த ராகம் வந்துவிட்டது, என்னவென்று தெரியாமலே.

நான் கனவு கண்ட மலைகளுக்கெல்லாம் மாமா போய்வந்துவிட்டார். அத்தைக்கு முதுகு வலி. அதனால் பின்னிருக்கையில் இப்போது அம்மா. போன மாதம் கேமரன் மலையிலிருந்து மாமா போன் செய்தார். பின்னால் காற்றும் அம்மாவின் குரலும் கேட்டன.

"மருமவனே, வண்டி ஜோரா நிக்குதுலா. ஒங்கம்மாதான் எறங்கமாட்டேங்குறா. இன்னும் மேல போவணுமாம்."